முதல் கை

எங்கள் வீட்டு வேலைக்கு வரும் செல்வி, போன வாரம் ஒரு நாள் ஒன்பதாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது பேச மூச்சில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"லிப்ட் பந்த் பண்ட்டாங்கக்கா எங்களுக்கு. வாட்ச்மேன் படியில போன்னுறான். முட்டி வீங்கிப்போச்சு, ரொம்ப தக்லீப். நாளைலேர்ந்து வரல... வேற ஆள் பாத்துக்கோங்க."

செல்வி, இதே மராத்தி ஊரில், ஏரவாடாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்கள் ஔந்த் அடுக்ககத்தில்தான் அவருக்கு எல்லா வேலையும், எல்லாமே மேல்மாடி வீடுகள். லிஃப்ட் இல்லையென்றால் பிழைப்பே போச்சு.

விசாரித்தேன். வீட்டு வேலை செய்பவர்கள் லிஃப்டில் ஏறக்கூடாது - ஞாயிற்றுக்கிழமை சொசைட்டி மீட்டிங்கில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானமாம். அந்த ஏகமனதில் ஒரு மனது என் கணவருடையது!

"நீங்களுமா கை தூக்கினீங்க?"

"மராத்தில என்னமோ படிச்சாங்க. எல்லாரும் தூக்குனாங்க... நானும் தூக்குனேன். பெயிண்ட் அடிக்கிற விஷயம்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு, அன்று அவருக்குக் காபி கிடையாது.

சரி, மராத்தி புரிந்தவர்கள் ஏன் தூக்கினார்கள்? எதிர்வீட்டு ஜோஷி அம்மாவிடம் போய்க் கேட்டேன். "எனக்குப் பிடிக்கவே இல்லை. ஆனால் எல்லாரும் விரும்புகிறார்களே" என்றார் இந்தியில். நாலாவது மாடி வங்காளிக்காரரும் அதையே சொன்னார். தீர்மானத்தைப் படித்த செக்ரட்டரியாவது? "எனக்கென்ன மேடம்... எல்லாரும் கேட்டார்கள்!"

யார் சார் இந்த எல்லாரும்? எந்த ஃபிளாட்டில் குடியிருக்கிறார்?

செக்ரட்டரியைப் பிடித்து உலுக்கி, மறுபடி மீட்டிங் போட வைத்தேன். அதுவரை பொறுத்துக்கொள்ளும்படி செல்வியிடம் கெஞ்சினேன். பாவம், கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிவந்தார்.

இந்த முறை இந்தியில் கேட்டார்கள். "இந்த விதி வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம்."

ஜோஷி அம்மா தன் வளையல்களைப் பார்த்தார். வங்காளிக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். நானா? இந்தியில் ஒரு முழுச் சொற்பொழிவே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். வாயும் திறக்கவில்லை, கையும் எழவில்லை. அத்தனை பேர் நடுவில் முதல் கையாக இருப்பது எவ்வளவு கூச்சமான விஷயம், தெரியுமா?

அப்போது வாட்ச்மேன் டீத் தட்டோடு உள்ளே நுழைந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் கணவர், டீ தன்னைத் தாண்டிப் போய்விடுமோ என்ற பதற்றத்தில்... கையைத் தூக்கினார்.

ஜோஷி அம்மா திரும்பிப் பார்த்தார். சட்டென்று அவர் கையும் மேலே போனது. அடுத்து வங்காளிக்காரர். அடுத்து நான். பிறகு மொத்த ஹாலும்... செக்ரட்டரி உட்பட! விதி ஒழிந்தது. என் கணவர் ஒன்றும் புரியாமல் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் செல்வி லிஃப்டில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார்தான் மொதல்ல கை தூக்குனாராமே! வாட்ச்மேன் சொன்னான். பயமே இல்லாத ஆளுக்கா அவரு."

"ம்... ஆமாம்."

"அவரு தூக்கலேன்னா என்ன, நீங்க தூக்கியிருப்பீங்கல்லக்கா?"

பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு சமையலறைக்கு ஓடினேன். அடுப்பையே நான் இன்னும் பற்றவைக்கவில்லை.