பார்க்காத டாங்கோ

பாலக்காட்டில் எங்கள் ஃபிலிம் சொசைட்டி இதழின் தமிழ்ப் பக்கத்தில் நான்தான் விமர்சனம் எழுதுகிறேன். போன மாதப் படத்தில், கணவனும் மனைவியும் சின்னச் சமையலறையில் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்ளாமல் சண்டை போடுவார்கள். "இந்தக் காட்சி ஒரு டாங்கோ" என்று எழுதினேன். ஜோடியாக ஆடும் அந்த நடனத்தை நான் பார்த்ததே இல்லை. பெரிய விமர்சகர்கள் எழுதுகிறார்களே என்று நானும் எழுதிவிட்டேன்.

இந்த மாதத் திரையிடலில், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர் ஒருவர் இதழும் கையுமாக என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு. ஷூ வேறு பளபளத்தது. ஆடத் தெரிந்த ஆள்தான், சந்தேகமில்லை. குட்டு உடைந்தால் தமிழ்ப் பக்கம் என் கையைவிட்டுப் போய்விடும்.

"ஏனுங்க, இப்படி வேர்க்குது? அவரு ஆடிக்காட்டச் சொல்லீட்டா என்ன பண்ணுவீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி.

இடைவேளையில் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். என் உடம்புக்குத் தூண் போதவில்லை.

"நீங்கதானே எழுதினேள்?" என்று பிடித்துவிட்டார் அவர். "அந்தச் சமையலறையில அவ ஆம்படையான்கிட்ட கேக்கறது அவ்வளவுதானே! கொஞ்சம் நேரம் தாங்கோ, கொஞ்சம் மரியாதை தாங்கோ. ஒத்தை வார்த்தையில சொல்லிட்டேளே!"

இதழை வாங்கிப் பார்த்தேன். கைபேசியில் ஆங்கில எழுத்தில் 'tango' என்று நான் தட்டியதை அது 'தாங்கோ' என்று மாற்றியிருந்தது. அப்படியே அச்சேறிவிட்டது.

"ரொம்ப யோசிச்சுப் போட்ட வார்த்தைங்க" என்றேன். மனைவி இருமினாள். அவர் சிரித்துக்கொண்டே போனார்.

அந்தச் சிரிப்பு பாராட்டா, கிண்டலா என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.