மைத்துனன் சர்க்கரையும் என் ஜெபமும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே, எழுபதைத் தாண்டிய நான் மறைக்காமல் எழுதுகிறேன்.

மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று, டெல்லி துவாரகாவில் என் மனைவி எஸ்தருடன் வசிக்கிறேன். சென்ற ஆண்டு சர்க்கரைக்கான மாத்திரைகள் கைவிட்டன. டாக்டர் இன்சுலின் எழுதினார். அதே சமயத்தில் எதிர் பிளாக்கில் இருக்கும் எஸ்தரின் தம்பி தேவராஜுக்கும் இன்சுலின் தொடங்கியது.

அவனுக்குச் சர்க்கரை இறங்கியது. எனக்கு இறங்கவில்லை. டாக்டர் அளவை ஏற்றிக்கொண்டே போனார். கண் மங்கியது, கால் எரிந்தது. சிறுநீரகம் கெட்டுவிடும் என்றார். பயந்து அழுதேன். ஆனால் என் நோயைவிட அவனுடைய சுகமே என்னை அதிகம் வாட்டியது.

வீட்டு ஜெபக்கூட்டத்தில் அவன் எழுந்து, "ஊசி குத்துறதே தெரியல, நல்லா தூங்குதேன், நல்லா நடக்கேன்" என்று சாட்சி சொன்னான். எல்லாரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். என் வாயும் சொன்னது. வயிறு எரிந்தது. அவன் ஜிலேபியின் ஓரத்தைக் கிள்ளித் தின்பதைக்கூட என்னால் பொறுக்க முடியவில்லை.

முழங்காலில் நின்று, "ஆண்டவரே, அவனைவிட எனக்குக் குறையட்டும்" என்று கேட்டேன். குறையவில்லை. பிறகு, "அவனுக்காவது ஏறட்டும்" என்றும் கேட்டேன்.

ஒரு மதியம் அவன் வீட்டில் சாப்பாடு. தொடையில் ஊசி போட்டுக்கொண்டே கேட்டான்.

"அத்தான், நீங்க எங்க போடுதிய?"

"வயித்துல. எப்பவும் தொப்புளுக்கு வலப்பக்கம். அங்கதான் வலிக்காது."

"ஒரே எடத்துலயா? மாத்தி மாத்தில்லா போடணும். டாக்டர்ட்ட கேளுங்க."

"நீ ஒன் சோலியப் பாருடே."

ஆனால் அடுத்த ஞாயிறு காலை, யாரிடமும் கேட்காமல், டாக்டர் ஏற்றிவைத்த அதே அளவை நானும் தொடையில் போட்டேன். அவனை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

எஸ்தரும் தேவராஜும் நானும் மெட்ரோவில் ஆராதனைக்குப் புறப்பட்டோம். ரயிலில் கை நடுங்கியது. ஏசியிலும் வியர்த்துக் கொட்டியது. "அங்கிள், டீக் ஹோ?" என்று நலம் கேட்டு யாரோ எழுந்து இடம் கொடுத்தார். எதிரே தேவராஜ். அப்போதும் அவனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "ஆண்டவரே, இரங்கும்" என்று மட்டும் உள்ளுக்குள் சொன்னேன். வெகுகாலத்துக்குப் பிறகு, என் ஜெபத்தில் மைத்துனன் இல்லை.

அந்த நொடியே அவன் பாய்ந்து வந்து என் தாடையைப் பிடித்தான். "வாயத் தொறங்க அத்தான்! ஜல்தி!" தனக்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த குளுக்கோஸை என் வாயில் போட்டான். கொஞ்சம் கொஞ்சமாக உலகம் திரும்பி வந்தது.

அவனே டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் என் வயிற்றை அழுத்திப் பார்த்தார். ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்திருந்தது. அங்கே போட்ட மருந்து ரத்தத்தில் சரியாகச் சேரவில்லை. நல்ல இடத்தில் போட்டதும் அவ்வளவு மருந்தும் வேலை செய்து, சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது. என்னைத் திட்டி, அளவைக் குறைத்து, இடம் மாற்றிப் போடப் பழக்கினார். இன்று சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கால் எரிச்சல் தணிந்திருக்கிறது. ஊசி இப்போது எனக்குப் பாரமில்லை.

ஒரு நாள் டீ குடிக்கும்போது அவனிடம் சொன்னேன். "ஒனக்கு ஏறணும்னு ஜெபிச்சேண்டே."

அவனுக்குப் புரையேறியது. "அட அத்தான்! கிறிஸ்மஸுக்கு ஏறுனது கேக்குனாலன்னு நெனச்சேனே!"

"இவுக ஜெபத்துக்கெல்லாம் கர்த்தர் காது குடுத்தா ஊரு தாங்குமா?" என்றாள் எஸ்தர்.

இருவரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

பொறாமை முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அவனுக்கு என்னைவிடக் குறைவு என்று கேட்டால் இன்னும் சுருக்கென்கிறது. உடனே அவன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். நான் அவனைத் தாழ்த்தக் கேட்டேன். ஆண்டவரோ அவன் கையாலேயே என்னைப் பிழைக்க வைத்தார். பிறர் சுகம் உங்களைக் குத்துகிறதா? அதையும் அவரிடமே சொல்லுங்கள். என் கெட்ட ஜெபத்தைத் தள்ளிவிட்டவர், என்னைத் தள்ளவில்லை.