பாட்ஜோ அடக்கத்துக்கு வந்த அமெரிக்காக்காரி

கில்டோரன் ஊர் எல்லையில் ஒரு தொழிற்பூங்கா இருக்கிறது. அரசாங்கம் நிலத்தை வாங்கி, ரோடு போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, வாசலில் பெரிதாகப் பெயர்ப்பலகையும் வைத்தது. வெளிநாட்டுக் கம்பெனிகள் வரிசை கட்டி வரும் என்றார்கள். ஒன்றும் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகள் கார் ஓட்டப் பழகுவதற்குத்தான் அந்த ரோடு உதவியது. டிம்ப்னா கில்ராய் தன் மூன்று பிள்ளைகளையும் அங்கேதான் பழக்கினாள். பழகியதும் ஓட்டிக்கொண்டு போயே விட்டார்கள். மூத்தவன் டொராண்டோவில், அடுத்தவன் சிட்னியில். கடைக்குட்டி கிரானியா மட்டும் மிச்சம்.

அவளும் பாதி மிச்சம்தான். கால்வே நகரத்தில், இருதயத்துக்குள் விடுகிற குழாய் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வேலை. அங்கே வாடகை கொடுத்து மாளாது என்று தினமும் காரில் போய் வந்தாள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவளுக்கு வாழ்க்கை எங்கே இருக்கிறது? சிட்னி அண்ணன் இருக்கிற நாட்டிலேயே, பெர்த் என்ற ஊரில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டாள். கிடைத்தும் விட்டது. வருகிறேன் என்றோ இல்லை என்றோ மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

டிம்ப்னா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற ரகம் இல்லை. "போறதுன்னா போ. ஆனா அந்தக் கம்பளிக் கோட்டை விட்டுட்டுப் போ. அந்த வெயில்ல உனக்கு எதுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறையாகக் கழுவினாள்.

அந்த நேரத்தில்தான் சேதி வந்தது. மினசோட்டாவில் இருந்து மருத்துவக் கருவி செய்கிற கம்பெனி ஒன்று இடம் பார்க்க வருகிறதாம். மூன்று ஊர் பார்ப்பார்களாம். அதில் கில்டோரனும் ஒன்று. முதலீடு கொண்டுவரும் இலாகாவில் இருந்து ரோனன் என்று ஒரு பையன் வந்தான். மொடமொடப்பான சட்டை, மொடமொடப்பான பேச்சு. ஊரில் இருந்த ஒரே ஹோட்டலும் மூடிக் கிடக்கிறது. அதனால் மாதா கோயில் மண்டபத்தில் சாப்பாடு, சமையல் டிம்ப்னா என்று முடிவாயிற்று.

"ஒண்ணே ஒண்ணுதான். விருந்தாளிங்க ஊரைப் பத்திக் கேட்டா எல்லாரும் பெருமையா நாலு வார்த்தை சொல்லணும்" என்றான் ரோனன்.

"எங்க ஊர் ஆளுங்களா? நல்லா கேட்ட போ. புது டிராக்டர் வாங்கினவன்கிட்ட அழகா இருக்குன்னு சொல்லிப் பாரு. 'அட, ஓட்டை வண்டி'ம்பான். இங்க பெருமை பேசறதும் துணியில்லாம நடக்கறதும் ஒண்ணு தம்பி" என்றாள் டிம்ப்னா.

விருந்தாளிகள் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் பாட்ஜோ செத்துப்போனார். கல்யாணம் ஆகாத மனிதர், ஊரில் பாதிப் பேருக்குத் தன் டிராக்டரை இரவல் கொடுத்தவர். அடக்கமும் விருந்தாளிகள் வருகிற அதே நாள், அடக்கச் சாப்பாடும் அதே மண்டபம். மண்டபத்துச் சாவி வைத்திருக்கும் ஃபின்டன் இரண்டு பக்கமும் சரி என்று தலையாட்டியிருந்தான்.

"செத்த வீட்டுக்கு இல்லைன்னு எப்படிச் சொல்றது, டிம்ப்னா?"

"அப்ப அமெரிக்காக்காரங்களுக்குச் சொல்லியிருக்கணும்."

"அவங்களுக்குத்தான் முன்னாடியே சரின்னுட்டேனே!"

"உன்னைப் பெத்ததுக்கு உங்கம்மா ஒரு சாவிக்கொத்தைப் பெத்திருக்கலாம்டா" என்று சொல்லிவிட்டு டிம்ப்னா இன்னொரு மூட்டை உருளைக்கிழங்கை உரிக்க உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பூசை முடிந்து சவ ஊர்தி கிளம்பியது. கடைகளில் கதவைச் சாத்தினார்கள். எதிரே வந்த கார்கள் ஓரமாக நின்றன. ஊரே ஊர்திக்குப் பின்னால் நடந்தது. அதற்கும் பின்னால், தாண்டவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், ரோனனின் வேன். மண்டபத்தில் டிம்ப்னாவின் போன் அடித்தது.

"வண்டி நகர மாட்டேங்குது டிம்ப்னா. லேசா ஒரு ஹாரன் அடிக்கட்டுமா?"

"அடிச்சுத்தான் பாரேன். குழி வெட்டற ஆளுங்க இன்னும் வீட்டுக்குப் போகல."

அப்படியாக அமெரிக்காக்காரர்களும் அடக்கத்துக்கு வந்தவர்களும் ஒன்றாகவே மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். குழுவின் தலைவி கரோல் லின்ட்குவிஸ்ட் உயரமானவள், கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். கறுப்பைக் கண்டால் போதாதா? வாசலிலேயே ஆளாளுக்குக் கையைப் பிடித்துக்கொண்டு துக்கம் விசாரித்தார்கள்.

"பாட்ஜோவுக்கு நீங்க என்ன உறவும்மா?"

"உறவு இல்லைங்க. தொழிற்சாலைக்கு இடம் பாக்க வந்தேன்."

"அதனால என்ன, உக்காருங்க. சூப் ஆறிடும்."

கரோலுக்கு எதிரே டானோ உட்கார்ந்திருந்தான். மாடு வளர்க்கிறவன். "இங்க வேலைக்கு ஆள் கிடைப்பாங்களா?" என்று கரோல் கேட்டாள்.

"ஆளா? இங்க யாரு இருக்கா? எங்களை மாதிரிக் கிழடுங்கதான்."

"ஊர் எப்படி?"

"மழை. மழை விட்டா சேறு."

ரோனன் முகம் வெளிறிவிட்டது. கரோல், "எங்க அறிக்கையிலயும் அப்படித்தான் இருந்தது. இந்த ஊர்ல ஆள் பலம் இல்லைன்னு" என்று மெதுவாகச் சொன்னாள்.

சூப் கரண்டியோடு பின்னால் நின்ற டிம்ப்னாவுக்குப் பொறுக்கவில்லை. மகள் போகப்போகிறாள், இவன் உட்கார்ந்து அடக்கம் காட்டுகிறான்!

"டானோ, வாயை மூடிட்டுப் பன்றிக்கறியைத் தின்னு. மேடம், அந்த அறிக்கைக்காரங்க எப்ப வந்து பாத்தாங்க? பகல்லதானே? பகல்ல எங்க ஆளுங்க எல்லாம் அடுத்தவன் ஊர்ல இருப்பாங்க. இன்னிக்கு பாட்ஜோவுக்காக லீவு போட்டு வந்திருக்காங்க. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

கரோல் திரும்பினாள். மண்டபம் நிறைய இளவட்டம். கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"டேய் ஈமன், நீ எங்க வேலை பாக்குற?"

ஈமன் காது சிவந்தது. "கால்வேயில. சும்மா... மெஷின் பக்கம்."

"மெஷின் பக்கமாம்! ஒரு ஷிஃப்டையே கட்டி மேய்க்கிறான் மேடம். அந்தப் பச்சை ஸ்கார்ஃப் பொண்ணு ஆத்லோன்ல மருந்து சோதிக்கிறா. அவ புருஷனும் அங்கதான். இது என் பொண்ணு கிரானியா. இருதயக் குழாய் செய்யறா, பெர்த்துக்குக் கிளம்பப்போறா."

"அம்மா, போதும்!" கிரானியா மேசைக்கு அடியில் போய்விடுவாள் போல் இருந்தது.

கரோல் அவளையே பார்த்தாள். "நாங்க இங்க வந்தா இருப்பீங்களா?"

ரோனன் கண்ணாலேயே ஆமாம் சொல்லு என்று கெஞ்சினான்.

"வந்தா இருப்பேன்" என்றாள் கிரானியா. "ஆனா வரும் வரும்னு கேட்டே வளந்தவ நான். வாசல்ல நட்ட ஒரு பெயர்ப்பலகையை நம்பி உக்காந்திருக்க முடியாதுங்க."

தாய்க்குத் தப்பாத பிள்ளை. கரோல் கோபப்படவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு, "அந்த இடத்தை நீங்க வந்து காட்டுங்க" என்றாள். கிரானியாவும் ஈமனும் துக்கத்துக்குப் போட்ட செருப்போடு அவளைத் தொழிற்பூங்காவின் ஈரப் புல்லில் கூட்டிக்கொண்டு போனார்கள். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் இருட்டிய பிறகுதான் கிளம்பியது.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. பெர்த்துக்குப் பதில் சொல்ல வேண்டிய வாரத்தில் ரோனன் போன் செய்தான். ஒரு ஊர் கழிந்துவிட்டது, கில்டோரன் இன்னும் பட்டியலில் இருக்கிறது, வசந்தத்தில் மறுபடி வருகிறார்கள், அவ்வளவுதான் சொல்ல முடியும் என்றான்.

நிச்சயம் வருகிறார்கள் என்று மகளிடம் ஒரு பொய்யை அடித்துவிட்டால்? டிம்ப்னாவின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டாள். இருந்து ஏமாந்தால் அந்தப் பெண் ஆயுசுக்கும் மன்னிக்காது.

"உறுதி ஒண்ணும் இல்ல. நீ போனா நான் குறுக்க நிக்க மாட்டேன். இருந்தா எனக்கு நல்லா இருக்கும். அவ்வளவுதான், வேற எதுவும் என்கிட்ட கேக்காத" என்றாள்.

கிரானியா ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, கோடை முடியும்வரை பொறுக்க முடியுமா என்று பெர்த்துக்கு எழுதினாள். நல்ல மனிதர்கள், பொறுக்கிறோம் என்றார்கள்.

வசந்தத்தில் கரோல் வந்தாள். கோடையில் அறிவிப்பு வந்தது. முதலில் சின்னதாக ஒரு தொழிற்கூடம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆள் எடுத்தபோது கிரானியா பெயர் முதல் வரிசையில் இருந்தது. கூடம் எழும்பும்வரை மினசோட்டாவில் போய்ப் பழகிவிட்டு வர வேண்டுமாம்.

ஆகக்கூடி டிம்ப்னா மறுபடி ஷானன் விமான நிலையத்தில் நின்றாள். புருஷன் ஃபெர்கல் மூக்கை உறிஞ்சினான்.

"எதுக்கு அழற? திரும்பி வர டிக்கெட்டையும் சேத்துத்தான் வாங்கிக் குடுத்திருக்காங்க."

"பழக்க தோஷம்" என்றான் அவன்.

மகன்களை அனுப்பிவிட்டு வந்த அன்றெல்லாம் அவள் செய்த முதல் வேலை, படுக்கையைக் கலைத்துப் போர்வையை மடித்துப் பரணில் போட்டதுதான். அன்றைக்கும் வீட்டுக்கு வந்ததும் கிரானியா படுக்கையை உருவினாள். துவைத்தாள். காய்ந்ததும் கொண்டுபோய் அதே கட்டிலில் விரித்து, ஓரத்தை இழுத்துச் செருகினாள்.