மூங்கிலின் நுனி

வேலி என்றால் எங்கள் ஆட்களுக்கு அப்போது ஒரு விசர். சும்மா சொல்லக்கூடாது, எல்லாரும் நல்லவர்கள், விரதம் தவறாதவர்கள். ஆனால் பனையோலை கட்டி வேலியைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டால், வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் பிடுங்கிப் பக்கத்து வீட்டு வளவுக்குள் ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டு, ஒன்றும் அறியாதவர்கள் போல முகம் கழுவிச் சாப்பிட உட்காருவார்கள். என் ஐயாவும் அப்படித்தான். அந்த ஒரு சாணுக்காகத்தான் என் மச்சான் செத்தான்.

பக்கத்து வளவு ஐயாவின் சொந்தத் தங்கைக்குச் சீதனமாகப் பிரித்துக் கொடுத்தது. என் மாமி. அவளுக்கு ஒரே மகன்தான் மச்சான், எனக்கு ஒத்த வயது. மருதனார்மடத்துக்குக் கிட்டவிருந்த எங்கள் ஊரிலிருந்து வட்டுக்கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேரும் சைக்கிளில் போய்வந்தோம். அவன் கோலூன்றிப் பாய்கிறவன். குருநகர்த் தோணிக்காரர் ஒருவரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய மூங்கில்தான் கோல். வெறுங்காலோடு ஓடிவந்து, அதை மண்ணில் குத்தி எழும்பினால், மேலே ஒரு கணம் அப்படியே நிற்பான். கொழும்பில் அடுத்த மாதம் நடக்கவிருந்த போட்டிக்கு எங்கள் பக்கத்தில் அவன் ஒருவனைத்தான் எடுத்திருந்தார்கள்.

பின்னேரங்களில் எங்கள் வளவில்தான் பழகுவான். மரவள்ளி கிண்டிய மண், விழ மெத்தென்று இருக்கும். தங்கள் பக்கம் நின்று மூங்கிலால் ஓலைவேலியில் இரண்டு தட்டுத் தட்டுவான். அது எனக்கு அழைப்பு. பிறகு வேலியில் ஆள் நுழையுமளவு விட்டிருந்த பொட்டுக்குள்ளால் வருவான். தும்புக் கயிற்றின் ஒரு தலைப்பைப் பூவரசில் கட்டி, மறு தலைப்பை நான் உயர்த்திப் பிடிக்க, அவன் அதற்கு மேலால் பாய்வான். "நீ கயிறு பிடிக்கவெண்டே பிறந்தனி" என்று பகிடி பண்ணுவான்.

அந்த ஞாயிறு மாமி வீட்டார் கலியாணம் ஒன்றுக்குப் பருத்தித்துறைக்குப் போயிருந்தார்கள். ஐயா அதற்காகவே காத்திருந்தவர் போல் கதியால்களைப் பிடுங்கச் சொன்னார். என் அண்ணை இரும்பு அலவாங்கால் குழி போட்டான். நேர் பார்க்கக் கயிறு பிடித்தவன் நான். அதே தும்புக் கயிறு. ஒரு சாண் உள்ளே போகிறது என்று கண்ணால் கண்டும் வாய் திறக்கவில்லை.

மச்சான் திங்கட்கிழமை பருத்தித்துறையிலிருந்து நேரே பள்ளிக்கூடம் வந்தான். மத்தியானம் என்னைத் தேடி வந்து, "பின்னேரம் கயிறு பிடிக்க நிப்பியோ?" என்று கேட்டான். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வேலியைத் தள்ளிவிட்டோம், இன்றைக்கு வராதே என்று ஒரு வார்த்தை. வெட்கம் விடவில்லை. "ஓம்" என்றேன்.

அவனுக்கு முகம் கொடுக்க முடியாமல் முந்தித் தனியே நான் வீடு வந்தபோது ஊரே கூடிக் கலைந்திருந்தது. காலையில் திரும்பி வந்த மாமா வேலியைக் கண்டு ஐயாவைக் கண்டபடி ஏசி, பொழுதுபடுவதற்குள் கதியால் அத்தனையும் பிடுங்குவேன் என்று சபதம் போட்டுவிட்டுப் போனாராம். அண்ணை கள்ளுக் குடித்துவிட்டு அலவாங்கோடு வேலியோரம் குந்தியிருந்தான். மச்சான் வீட்டுக்குப் போனால் எல்லாம் கேள்விப்படுவான், வரமாட்டான் என்று நினைத்து நான் கிணற்றடிக்குக் கால் கழுவப் போனேன்.

அவன் வீட்டுக்குள் போகவேயில்லை. சைக்கிளை விட்ட கையோடு, வேம்பில் சாத்தியிருந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். வேலியில் இரண்டு தட்டுக் கேட்டது. கதியால் பிடுங்க வந்துவிட்டார்கள் என்று அண்ணை பொட்டுக்குள்ளால் பாய்ந்தான். நான் கத்திக்கொண்டு ஓடினேன். பொட்டுக்குள்ளால் எல்லாம் தெரிந்தது. மச்சான் அண்ணையைப் பார்த்துச் சிரிக்கப் போனான். மூங்கிலின் நுனி கீழே, நிலத்தைப் பார்த்தபடி இருந்தது. அலவாங்கு தலையில் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன மாட்டுவண்டி சந்தி தாண்டுவதற்குள் உயிர் போய்விட்டது.

வழக்கில் கண்ணால் கண்ட சாட்சி நான் ஒருவன்தான். உள்ளதைச் சொன்னால் அண்ணைக்குத் தூக்கு. எங்கள் பக்கம் வழக்குப் பேசிய பிரக்கிராசியார், மூங்கிலை ஓங்கிக்கொண்டு வந்தான் என்று மட்டும் சொன்னால் காணும் என்றார். நான் மாட்டேன் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். நான்காம் நாள் அம்மா வந்து என் கையைப் பிடித்தாள்.

"செத்தவன் திரும்பி வரமாட்டான், தம்பி. இருக்கிறவனை எனக்குத் தா."

கோட்டில், சாட்சிக் கூண்டில் நின்ற எனக்கு நேரே மாமி இருந்தாள். மூங்கிலை ஓங்கினானா என்று கேட்டார்கள். "ஓம்" என்றேன். அண்ணை தூக்குக்குத் தப்பி மறியற்சாலைக்குப் போனான். மச்சான் மூங்கில் பொல்லோடு சண்டைக்குப் போன சண்டியனாகிவிட்டான். பள்ளிக்கூட மண்டபத்தில் அவன் படத்தை மாட்ட இருந்தவர்கள் அந்தக் கதையையே விட்டுவிட்டார்கள். அவன் ஒரு எறும்பைக்கூட அடிக்காதவன். அவனைச் சண்டியனாக்கினவன் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருக்கும்.

அடுத்த வருடம் வேலி அடைக்கும் காலம் வந்தது. ஐயா ஒருவருக்கும் சொல்லாமல் கதியால்களைப் பழைய இடத்துக்கே பின்தள்ளி நட்டார். மாமா வந்து பார்க்கவுமில்லை. நான் தனியே ஓலை கட்டிக்கொண்டிருந்தபோது மாமி பொட்டடிக்கு வந்து நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முதலாக என்னோடு கதைத்தாள்.

"தம்பி, அவன் ஓங்கினவனோ?"

"இல்லை மாமி. நுனி கீழைதான் இருந்தது. என்னைக் கூப்பிடத்தான் தட்டினவன்."

அவள் அழுவாள், மண்ணள்ளித் திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்குத் தெரியும். ஊருக்கெல்லோ தெரியவேணும்."

திரும்பி இரண்டடி வைத்தவள் நின்றாள்.

"உந்தப் பொட்டையும் அடைச்சுவிடு."

இரண்டு ஓலை எடுத்து வைத்து, இறுக்கிக் கட்டினேன்.