மெஷினின் கண்ணில் வைத்த பொட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் எஸ்டேட் தேயிலை பேக்டரிக்கு ஒரு புது மெஷின் வந்தது. பச்சை இலையை நசுக்கும் மெஷின் முன்பும் இருந்ததுதான். ஆனால் இதற்கு வாயருகே ஒரு கண் இருந்தது, இருபது காசு அகலத்தில் கறுப்புக் கண்ணாடி. இலைக்கு மேலாகக் கை நீண்டால், கையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அது கண்டுகொண்டு உருளைகளைத் தானே நிறுத்திவிடும்.

ஈப்போ டவுனிலிருந்து வந்த மெக்கானிக் கையை நீட்டிக் காட்டினார். மெஷின் நின்றது. எடுத்தார், ஓடியது. அதன்பிறகு ஏதாவது சாக்குச் சொல்லி நாளைக்குப் பத்து முறை நானும் கையை நீட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்க்கும். கட்டிய கணவனே என் பேச்சைக் காதில் வாங்குவதில்லை, இந்த இரும்பு என் கைக்கு மரியாதை கொடுக்கிறதே என்றிருக்கும்.

மெஷின் வாயில் இலை அடைத்தால் தள்ளிவிடுவது என் அண்ணியின் வேலை. பழைய மெஷினில் மூங்கில் குச்சியால் தள்ளுவார். புது மெஷின் வந்த மாதமே குச்சி மூலைக்குப் போய்விட்டது. அதுதான் பார்க்கிறதே, கையே போதும் என்று எல்லாரும் நினைத்தோம்.

ஆயுத பூஜை வந்தது. தராசு, லாரி, கத்தி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தோம். புது மெஷினுக்கு நான்தான் வைத்தேன். அத்தனையும் செய்வது அந்தக் கண்தானே என்று அதன் மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

“நல்ல எடத்துலதான் வெச்சிருக்கே லா” என்று அண்ணிகூட மெச்சினார்.

மறுநாள் காலை மெஷினை ஓட்டினார்கள். இலை அடைத்தது. அண்ணி கையை விட்டார். மெஷின் நிற்கவில்லை.

நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் அண்ணியின் கண்ணாடி வளையல்கள் நொறுங்கி, இரண்டு விரல்களில் தோல் உரிந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கை இருந்திருக்காது.

விசாரிக்க மேனேஜரும் மெக்கானிக்கும் வந்தார்கள். பொட்டு வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

“கண்ணுல போயி யாராவது பொட்டு வைப்பாங்களா? மெஷின் மேல தப்பே இல்ல” என்றார் மெக்கானிக்.

கட்டுப்போட்ட கையை மடியில் வைத்திருந்த அண்ணிதான் பேசினார்.

“அவ வெச்சது தப்புதான். ஆனா கண்ணு தெரியலன்னா அது நின்னுருக்கணும்தானே? கை இல்லன்னு அதுவா எப்படி முடிவு பண்ணுச்சு?”

மெக்கானிக் எழுந்துபோய் அந்தக் கண்ணைக் குனிந்து பார்த்தார். கை இல்லாததும் கண் தெரியாததும் அந்த மெஷினுக்கு ஒன்றுதான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. செய்தவருக்கே தோன்றாத ஒன்றைக் கேட்டுவிட்டாரே என்று அண்ணியைப் பார்த்து மலைத்துப் போனேன். மெஷினைப் பார்த்துக்கூட அப்படி மலைத்ததில்லை.

இரண்டு வாரத்தில் கண்ணுக்கு எதிரே ஒரு விளக்கு வைத்தார்கள். அதன் வெளிச்சம் கண்ணில் படும்வரைதான் மெஷின் ஓடும். கை மறைத்தாலும், குங்குமம் மறைத்தாலும், பல்பே போனாலும் நின்றுவிடும். மேனேஜர் ஒரு சட்டமும் போட்டார். தினமும் வேலை தொடங்குமுன் கண்ணை அட்டையால் மறைத்துப் பார்க்க வேண்டும். நிற்காவிட்டால் அன்று மெஷின் ஓடாது, யார் வந்து சொன்னாலும் சரி. பார்த்துச் சொல்லும் பொறுப்பு அண்ணிக்கு.

தானே யோசிக்கும் கம்ப்யூட்டர்களை யார் கட்டுப்படுத்துவது என்று இப்போது டிவியில் பெரிய பெரிய ஆட்கள் பேசுகிறார்கள். அவை செய்வதையெல்லாம் கேட்டால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது. தெரியாதபோது தங்களுக்குத் தெரியவில்லை என்று அவற்றுக்குத் தெரியுமா என்று யாராவது கேட்கிறார்களா என்றுதான் காத்திருப்பேன்.

அந்த விபத்துக்கு மறுவருட ஆயுத பூஜையில் சந்தனக் கிண்ணம் என்னிடம் வந்தது. வேறு யாராவது வைக்கட்டும் என்று நகர்ந்தேன். அண்ணி விடவில்லை. தழும்பேறிய கையை என் முன்னால் நீட்டினார்.

“மொதல்ல இதுக்கு வை. இதுவும்தான் வேலை செய்யுது.”