வெளியே போக அனுமதி கேட்ட விசைப்பலகை

மெதுவாகிப்போன மடிக்கணினியை இன்று காஜா பேராங் பகுதியிலுள்ள கணினிக் கடையில் காட்டினேன்.

“ஃபயர்வால் இருக்கே தம்பி, பயமில்லதானே?” என்று கேட்டேன்.

கடைக்காரர் குமார் சிரித்தார். “அது கேட்டுல காவலுக்கு நிக்கிற ஜாகா மாதிரி, அக்கா. உள்ள வர்றவனத்தான் கேப்பான். வெளிய போறவன் எதத் தூக்கிட்டுப் போறான்னு பாக்க மாட்டான்லா.”

வெளியே போவதையும் கேட்கும்படி மாற்றிவைத்தார்.

உடனே திரையில் ஒரு கேள்வி. நான் இலவசமாக இறக்கிய தமிழ் விசைப்பலகை, இணையத்துக்குப் போக அனுமதி கேட்டது.

“எழுதறதுக்குத்தானே அது? அதுக்கு வெளிய என்ன வேல?” என்றேன்.

அவர் இணையத்தைத் துண்டித்தார்.

மூன்று வருடமாக அதில்தான் தட்டினேன். வங்கிக் கடவுச்சொல், அண்ணிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம், எல்லாம்.

இந்தப் பதிவைக் கைப்பேசியில் எழுதுகிறேன். இதிலுள்ள விசைப்பலகையும் இலவசம்தான்.

உங்களுக்கு முன்பே இதைப் படித்துவிட்டவர், தயவுசெய்து ஒரு லைக்காவது போடவும்.