மகள் கேட்ட பிறந்தநாள் சாப்பாடு

நாளை பின்னேரம் மகளின் ஐந்தாவது பிறந்தநாள். சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்க இன்று அவளையும் கூட்டிக்கொண்டு மிச்சம் என்ற இந்த வெளிநாட்டு ஊரில் இருக்கும் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

"பள்ளிக்கூடப் பிள்ளையளும் வருவினமோ அக்கா?" என்று கடைக்காரத் தம்பி கேட்டார். "அப்பிடியெண்டா உறைப்பில்லாமல் சிக்கன் ரோல்ஸ் செய்வம். கொஞ்சம் சிப்ஸும் வையுங்கோ, பிள்ளையள் பேசாமல் சாப்பிடுவினம்."

நான் ஓம் என்று சொல்ல வாயெடுக்க, மகள் என் கையை இழுத்தாள்.

"அம்மா, எனக்கு அண்டைக்கு மாதிரி வேணும். வடை, மோதகம், பாயாசம். அப்பான்ர பார்ட்டிக்கு வைச்சது."

அவள் பார்ட்டி என்றது, அவளுடைய அப்பா இறந்து முப்பத்தோராம் நாள் செய்த அந்தியேட்டியை.

அன்றைக்கு வீடு நிறையச் சனம். ஆளுக்காள் அவளை மடியில் வைத்து ஊட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் கதவைத் தட்டியவர்கள் குறைவு.

தம்பிக்கு விளங்கிவிட்டது. அன்றைய சாப்பாடும் அவர் கடையில் செய்ததுதான். அவள் பக்கம் குனிந்து, "மாமா உமக்குப் பெரிய மோதகமாச் செய்து தாறன், சரியோ?" என்றார்.

"ஓம். இந்தமுறை பலூனும் வேணும்," என்றாள் மகள்.

வீட்டுக்கு வந்து பலூன் ஊதிக்கொண்டிருக்கிறேன். மூச்சுத்தான் போதவில்லை.

ஆண்டுத் திவசம் முடியாமல் பிறந்தநாள் என்னத்துக்கு என்று கேட்டு, வரமாட்டோம் என்ற சொந்தங்களே, சாப்பாடு அதேதான். இனி நீங்கள் வரலாம்தானே?